டெட்ராய்ட்டில் அடங்கிய கைதட்டல்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அதனால் பகலெல்லாம் பாட்டுதான். ஒரு மாதமாக அமெரிக்கக் கிராமத்துப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகர் சார்லி பிரைடை விடாமல் கேட்கிறேன். 1934இல் மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பம், 11 பிள்ளைகள். அப்பா ரேடியோவில் நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை வைப்பாராம். வெள்ளைக்காரர் பாட்டு என்று எல்லோரும் ஒதுக்கியது இந்தப் பையன் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பேஸ்பால்தான் அவருடைய முதல் கனவு. கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீகில் பந்து வீசினார். ஒரு தடவை அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மனிதர்களுக்கு ஒரு பஸ்! அப்புறம் மொன்டானாவில் உலோகம் உருக்கும் ஆலையில் வேலை. ஆலை அணியின் ஆட்டத்துக்கு முன்னால் 15 நிமிஷம் பாடினால் கூடுதலாக 10 டாலர்.

1966இல் முதல் ரெகார்டு வந்தபோது, கம்பெனி அவர் படத்தைப் போடாமலே ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியது. பாடுவது கறுப்பர் என்று கேட்ட பலருக்குத் தெரியாது. அந்த வருஷக் கடைசியில் டெட்ராய்ட்டில் பத்தாயிரம் பேர் கூடிய அரங்கம். பெயரைச் சொன்னதும் கைதட்டல் அதிர்கிறது. ஆள் வெளிச்சத்துக்கு வந்ததும் அப்படியே அடங்கிவிடுகிறது. அந்த அமைதிக்குள் மைக் வரை நடந்தாரே, அந்த நடையை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. என் தோல் எப்போதும் வெயிலில் கறுத்தே இருக்கும் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் பாடினார். கைதட்டல் திரும்பி வந்தது. அதைப் பணிந்துபோனது என்று சிலர் சொல்லலாம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அவர்களுடைய சங்கடத்தையும் சேர்த்துத் தூக்கிச் சுமந்தவர் அவர்.

1971இல் நாட்டின் சிறந்த கன்ட்ரி கலைஞர் விருது, 2000இல் கன்ட்ரி இசை மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் எல்லாம் வந்தன. எனக்கு அவற்றைவிடப் பெரிசு, 1976இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் அவர் பாடியது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே அங்கே மோதல். குண்டுவெடிப்புக்குப் பயந்து வெளிநாட்டுக் கலைஞர்கள் அந்தப் பக்கமே வராத காலம். இவர் போனார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள்.

2020 நவம்பரில் வாழ்நாள் சாதனை விருது வாங்கிய மேடையிலும் பாடினார். அடுத்த மாதமே கொரோனாவில் போய்விட்டார், வயது 86. அந்தக் கடைசிப் பாட்டின் வீடியோவை நேற்றும் பார்த்தேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, முகத்தில் அதே சிரிப்பு.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? சேர்ந்து கேட்போம்.

உன் பழைய அறைத்தோழன்