வாரக் கணக்கைப் பொதுவில் வையுங்கள்: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். டெங்கு பரவலைக் கணக்காக எழுத வேண்டும் என்றால் என் மாணவர்கள் எடுப்பது போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், பெருவின் இகிடோஸ் நகரங்களின் எண்களை. 2015இல் அமெரிக்க அரசு நடத்திய முன்கணிப்புப் போட்டிக்காக அந்த ஊர்களின் வாராந்திரக் கணக்கு வெளியானது. நம் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூருக்கு அப்படி ஒரு கோப்பு எங்கள் கையில் இல்லை. 2012இல் டெங்கு அந்த வட்டாரத்தை என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டார வாரியாக, வாரந்தோறும், டெங்கு எண்ணிக்கையை வெளியிடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

2017இல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் ஆண்டுக் கணக்கு. எந்த ஊரில் தொடங்கியது, எந்த வாரத்தில் ஏறியது என்று இந்த எண் சொல்லாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சில நூறு மீட்டரைத் தாண்டுவதே அரிது; அதனால்தான் ஊர் வாரியான எண் வேண்டும்.

வாரம் ஏன் அவ்வளவு முக்கியம்? டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் உடம்பில் முற்றி எச்சிலுக்கு வர ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டும். தினமும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசு பிழைக்கிறது என்றால் பத்தாம் நாள் 35 மிஞ்சும். எண்பதுதான் பிழைக்கிறது என்றால் வெறும் 11. கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலே பரவல் இவ்வளவு சரியும் என்பதை மலேரியாவுக்கு 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டறிந்த ரொனால்ட் ராஸ் தொடங்கிவைத்த கணக்கின் தொடர்ச்சி அது. வெப்பமும் சேர்ந்து விளையாடுகிறது: 25 டிகிரியில் சுமார் இரண்டு வாரம் எடுக்கும் வைரஸ், 30 டிகிரியில் ஒரு வாரத்தில் முற்றிவிடுகிறது. வாரத்துக்கு வாரம் நடக்கும் இந்த மாற்றம் ஆண்டுக் கணக்கில் தெரியாது.

தண்ணீரில் ஊற்றும் அபேட் மருந்து கொசுப் புழுவைக் கொன்று கொசுவின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. புகை மருந்து, பறக்கும் கொசுவின் ஆயுளைக் குறைக்கிறது. இந்த ஊரில், இந்த வாரம், எது அதிகம் பலன் தரும்? உள்ளூர் எண்கள் இருந்தால், நோய் பரவுவதைச் சமன்பாடுகளாக எழுதும் கணித மாதிரிகளை வைத்து இதற்குப் பதில் தேட முடியும்.

மழைக் கணக்கை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் மழையே இல்லாவிட்டாலும் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் புழு நெளியும். வீடு வீடாகப் போய் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கிற உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எழுதிவைக்கும் குறிப்பு எங்களுக்குப் பொக்கிஷம். அதையும் சேர்த்துத் தாருங்கள். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தீர்கள் என்பதும் வேண்டும். அது இல்லாவிட்டால் நோய் கூடியதா, பரிசோதனை கூடியதா என்று பிரிக்க முடியாது. பெயர், முகவரி எதுவும் வேண்டாம்.

மக்கள் பீதி அடைவார்கள் என்ற தயக்கம் இருக்கலாம். இலங்கையின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் டெங்கு எண்ணிக்கையை வெளியிடுகிறது. சிங்கப்பூரில் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்பது வரை பார்க்கலாம். கோவிட் காலத்தில் நீங்களே மாவட்ட வாரியாகத் தினமும் அறிக்கை தந்தீர்களே! அத்தகைய எண்களை வைத்துத்தான் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பரவல் விகிதத்தைக் கணக்கிட்டார்கள்.

எல்லா மாவட்டத்துக்கும் உடனே முடியாது என்றால், சரி, திருநெல்வேலி, தென்காசி இரண்டில் மட்டும் தொடங்குங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் பழைய ஆண்டுகளின் வாரக் கணக்கு கிடைத்தால், மாதிரிகளை அதில் ஓட்டிப் பார்த்துத் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்