பேய்சியன் வலையமைப்பும் கணினியின் வேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாறிகள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்துள்ளன என்பதை நிகழ்தகவுகளால் காட்டும் வரைபடங்களான பேய்சியன் வலையமைப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த அறிவியல் கட்டுரை, கடினமான பொருளைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆயினும், கணுக்கள், அதாவது மாறிகள், பெருகுவதால்தான் கணக்கீடு மந்தமாகிறது என்றும், வேகமான கணினிகள் வந்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் அதில் கூறப்பட்டிருப்பதை ஏற்க இயலவில்லை.

ஆம், இல்லை என இரண்டே மதிப்புகள் கொண்ட 1,000 மாறிகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருந்தால், கடைசி மாறியின் நிகழ்தகவைக் காண ஏறக்குறைய 4,000 பெருக்கல்கள் போதும். சாதாரணக் கைப்பேசிகூட அதை இமைப்பொழுதில் முடித்துவிடும். அதைவிடக் குறைவாக, 900 மாறிகளையே எடுத்துக்கொண்டு 30 வரிசையும் 30 நிரலுமாகப் பின்னினால் கதையே வேறு. மாறிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி நீக்கிக்கொண்டு போகையில், ஏறத்தாழ 30 மாறிகளை ஒருசேரத் தாங்க வேண்டிய அட்டவணை ஒன்று இடையில் முளைக்கிறது. அதற்கு 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடிக்கும் அதிகமான கட்டங்கள் வேண்டும். எண்ணுக்கு 8 பைட் என்று வைத்தால், அந்த ஓர் அட்டவணையே 8 ஜிபி நினைவகத்தை விழுங்கிவிடும். அட்டவணை ஒருசேரத் தாங்கும் மாறிகளின் எண்ணிக்கையாகிய அகலத்தில் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பாகும் என்பதால், இருமடங்கு வேகமான கணினியை வாங்கியவருக்கு அதே நேரத்தில் அகலத்தில் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு மாறிதான். மாறிகளை எந்த வரிசையில் நீக்கினால் இந்த அகலம் மிகக் குறையும் என்று கண்டுபிடிப்பதே தனியொரு கடுஞ்சிக்கல் என்பது வேடிக்கை.

கேட்கப்படும் கேள்வியும் நேரத்தை மாற்றும். ஏறத்தாழ 600 நோய்களையும் 4,000 அறிகுறிகளையும் இணைத்த கியூ.எம்.ஆர். என்னும் நோயறி வலையமைப்புக்காக ஆய்வாளர் டேவிட் ஹெக்கர்மன் 1989-இல் வகுத்த முறையில், நோயாளிக்கு இல்லாத அறிகுறிகள் எத்தனை சேர்ந்தாலும் செலவு சிறிதே. இருக்கும் அறிகுறி ஒவ்வொன்றும் வேலையை இரட்டிப்பாக்கும். ஆகவே வலையமைப்பும் கணினியும் மாறாதபோதே, ஒரு நோயாளிக்கு நொடியில் விடை வரும், மற்றொருவருக்கு வராது.

பொதுவான வலையமைப்பில் துல்லியமான விடை காண்பது என்பி-கடினம், அதாவது எல்லா நேர்வுகளுக்கும் விரைவான வழி இருக்காது என்று பரவலாக நம்பப்படும் வகைச் சிக்கல், என்று ஆய்வாளர் கிரெகரி கூப்பர் 1990-இலேயே நிறுவினார். தோராய விடை போதும் என்று கட்டுரையாளர் எளிதாகக் கடந்துவிடுகிறார். ஆனால் பிழை வரம்புக்கு உறுதி கேட்டால் தோராயமும் என்பி-கடினமே என்பதை 1993-இல் ஆய்வாளர்கள் டாகமும் லூபியும் காட்டிவிட்டனர். பத்தாயிரத்தில் ஒருமுறை தோன்றும் சான்றுக்கு, தற்செயலாக மாதிரிகளை உருவாக்கி அந்தச் சான்றோடு பொருந்துவனவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் எளிய மாதிரியெடுப்பைப் பயன்படுத்தினால், ஒரு லட்சம் மாதிரிகளில் ஏறக்குறைய பத்துதான் தேறும். மற்றவை அனைத்தும் கழிவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்