ஆச்சியின் பால் கணக்கு

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையத்துக்குப் பணம் திரட்டுவதாகவும், மறதி நோயில் (டிமென்ஷியா) கிடந்த ஆச்சியின் கடைசிக் கால போட்டோ ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பணம் அனுப்புகிறேன். அந்தப் போட்டோ மட்டும் வேண்டாம் ராசா. பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டுக் கொடுப்பார்கள்தான். ஆனால் தலை கலைந்து, போர்வையைப் பிசைந்துகொண்டு கிடந்தவரை நாலு பேருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது. முதல் தடவை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுஷி என்ன சொல்வார்? "வயசானா இப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதே ஆச்சிதான் பதினோரு வீட்டுப் பால் கணக்கைத் தொழுவத்துச் சுவரில் கரிக்கோடு போட்டே, ஒரு உழக்குகூடப் பிசகாமல் வைத்திருந்தார். எங்களுக்கு முதலில் உறைத்ததும் அதில்தான்: ஒரு உழக்கு வாங்கும் எதிர்வீட்டுக்கு ஒரே வேளையில் மூன்று கோடு. அதை டாக்டர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அதனால்தான் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்தில் அந்த மையத்துக்காரர்கள் செய்வது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 45 வயது தாண்டிய கிராமத்து ஜனங்கள் 10,000 பேரை, நன்றாக இருக்கும்போதே ரத்தம், ஸ்கேன், ஞாபகச் சோதனை எல்லாம் எடுத்து, வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதுதான் திட்டம். இந்த மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பத்திருபது வருஷம் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. பின்னே வேறு எப்படிப் பிடிப்பது? இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பம் இந்த மையத்துக்கு 2014-ல் 225 கோடி ரூபாய் தர முன்வந்ததே, நம் பணம் எதற்கு என்று உன் நண்பர்கள் கேட்கலாம். எவ்வளவு பெரிய தொகையும் ஒரு நாள் தீரும், அதே ஆளை வருஷா வருஷம் தேடிப் போய்ப் பார்க்க வருஷா வருஷம் பணம் வேண்டும் என்று சொல்.

அப்புறம், காது மந்தமாவதும் இந்த நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்கிறார்கள். ஆச்சிக்குக் காது கேட்காமல் போனதும் நாங்கள் அவரிடம் பேச்சையே குறைத்துக்கொண்டோம். நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது. அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று.

திதிக்குச் சாப்பாடு போட எடுத்து வைத்த இருபதாயிரத்தை இந்த வருஷம் உனக்கு அனுப்பச் சொன்னார் அப்பா. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது தொழுவத்தில் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், ஆச்சி போட்டோவுக்குப் பதில் இதைப் போடு. வலது ஓரத்தில் நெருக்கமாக இருப்பதுதான் நான் சொன்ன மூன்று கோடு.

அம்மா