இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆஸ்துமாவோடு வாழ்கிறேன். இரைப்பு வந்தால் உடனே இழுக்கும் நீல நிற இன்ஹேலரைக் கைப்பையில் போடாமல் வாசற்படி தாண்டியதில்லை. 200 முறை அழுத்தக்கூடிய அந்தக் குப்பி எனக்கு ஒரு மாதம்தான் வரும். மருந்துச் சீட்டைப் புதுப்பித்துத் தந்த மருத்துவர்கள் பலர். "எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டவர் ஒரே ஒரு செவிலியர், அதுவும் சென்ற ஆண்டுதான்.

அவர் முன்னால் அழுத்தினேன். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்: உதட்டோரமாக வெண்புகைபோல மருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டியதை, அழுத்திவிட்டு வெடுக்கென்று இழுத்திருக்கிறேன், இத்தனை ஆண்டுகளாக!

மருந்தைத் தள்ளிக்கொண்டு வரும் வாயு பெரும்பாலும் எச்எஃப்ஏ-134ஏ. நூறாண்டு காலத்துக்குக் கணக்கிட்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஓசோன் படலத்தைக் காக்க, முன்பு பயன்பட்ட சிஎஃப்சி வாயுவை விலக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். உறிஞ்சும் பவுடர் இன்ஹேலரில் இந்த வாயுவே கிடையாது.

அதற்காக எல்லோரையும் ஒரே நாளில் பவுடருக்கு மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். சிறு குழந்தைகளால் முடியாது; அவர்களுக்கு ஸ்பேசரோடு (மருந்தைத் தேக்கி வைத்து நிதானமாக இழுக்க உதவும் குழல்) கூடிய பழைய குப்பியே வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவரிடம் பூமியைப் பற்றிக் குற்ற உணர்வை ஏற்றுவதும் கொடுமை.

ஆனால் என்னைப் போன்றவர்களின் குப்பிக் கணக்கைப் பாருங்கள். நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஆண்டுக்கு மூன்று குப்பிகள் தீர்ந்தாலே கடும் இரைப்பு வரும் ஆபத்து கூடுகிறது; பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நான் பன்னிரண்டில் இருந்தேன்! ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதலான 'ஜினா', நீல இன்ஹேலரை மட்டும் நம்பிச் சிகிச்சை அளிக்க வேண்டாம் என்கிறது.

இப்போது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த பவுடர் இன்ஹேலர் எனக்கு. இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறேன். இரவில் இரைப்பு வந்து எழுந்து உட்காருவது நின்றுவிட்டது.

மருத்துவர்களே, மருந்தாளுநர்களே, சீட்டை நீட்டுமுன் ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்ந்த குப்பிகளைத் திரும்ப வாங்கவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அவற்றுக்குள் இன்னும் வாயு மிச்சமிருக்கும். என் மேசை இழுப்பறையில் ஒன்பது குப்பிகள் கிடக்கின்றன. குப்பையில் போட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி