அமீனா கொண்டுவந்த ஆணை

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மறுபடியும் சட்ட மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறாய் என்பது நல்ல செய்தி. ஹிட்லர் ஆட்சிப் பாடத்தை, யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935 நியூரம்பெர்க் சட்டங்களோடு முடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே. அங்கே இருப்பது யார் யூதர் என்ற வரையறைதான். யூதர்களின் சொத்தைக் கொள்ளையடித்தது பின்னால் வந்த ஆணைகளில்.

வரையறையே நொண்டி. அந்தச் சட்டங்களின் கீழ் வந்த 1935 நவம்பர் 14 ஆணைப்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூத இனம் என்றால் பேரன் யூதன். தாத்தாவின் இனத்தை எதை வைத்து முடிவு செய்வது? யூத மதச் சமூகத்தில் அவர் சேர்ந்திருந்தாலே போதும் என்று எழுதிவிட்டார்கள். இனத்தில் தொடங்கி மதப் பதிவேட்டில் போய் நின்றது சட்டம். இந்த ஒரு பிரிவை மட்டுமாவது மாணவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும்.

1938 ஏப்ரல் 26இல் வந்த ஆணைதான் முக்கியம். 5,000 ரைக்ஸ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அன்றைக்கு எதையும் பிடுங்கவில்லை. நவம்பரில் நாஜிகள் யூதர்களின் ஜெபக்கூடங்களை எரித்து, கடைகளை நொறுக்கினார்கள். பிறகு, 12ஆம் தேதி, அடிபட்டவர்கள் மீதே 100 கோடி ரைக்ஸ்மார்க் தண்டம் விதித்தார்கள். யாரிடம் எவ்வளவு என்று தேட வேண்டியிருக்கவில்லை. படிவம் கையில் இருந்தது. சொத்தில் 20 சதவீதம், நான்கு தவணை, முதல் தவணை டிசம்பர் 15. மறு ஆண்டு ஐந்தாவது தவணையைச் சேர்த்து 25 ஆக்கினார்கள். உடைந்த கடையைச் சொந்தச் செலவில் சீர்செய்ய வேண்டும். காப்பீட்டுத் தொகை அரசுக்கு.

நாட்டை விட்டுப் போகலாமென்றால் வெளியேற்ற வரி. 1931இல், நாஜிகளுக்கு முன்பே, மூலதனம் வெளியே போகாமல் தடுக்கப் போட்ட வரி அது. 1934இல் அதற்கான சொத்து வரம்பை 2,00,000 மார்க்கிலிருந்து 50,000க்கு இறக்கினார்கள். சாதாரணச் சட்டத்தை ஆயுதமாக்க ஓர் எண்ணைத் திருத்தினால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1941 நவம்பர் 25இல், நியூரம்பெர்க் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் பதினோராம் ஆணை: வெளிநாட்டில் வசிக்கும் யூதர் குடியுரிமை இழப்பார், சொத்து அரசைச் சேரும். ரயிலில் ஏற்றி நாடு கடத்தப்பட்டவரும் இந்தக் கணக்கில் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’தான். ஆனால் செக் பகுதியில் இருந்த தெரேசியன்ஸ்டாட் முகாம் வெளிநாடாகக் கருதப்படாததால் அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த ஆணை பொருந்தவில்லை. அதற்காக விட்டுவிடவில்லை. ‘அரசின் விரோதி’ என்று ஆளுக்கொரு ஜப்தி ஆணை போட்டு, பெர்லினில் ரயிலேற்றக் கூட்டிவைத்த இடத்துக்கே அமீனாவை (நீதிமன்ற ஆணையைக் கொண்டுபோய்த் தரும் ஊழியர்) அனுப்பிக் கையில் கொடுத்தார்கள். கொலைக்கு அனுப்பும்போதும் ஆணையை முறைப்படி நேரில் கொடுக்கத் (சார்வு செய்ய) தவறவில்லை என்பது நம் போன்ற நீதிமன்றத்துக்காரர்களை உலுக்க வேண்டும்.

அந்தப் பதினோராம் ஆணை ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மேற்கு ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 1968 பிப்ரவரி 14இல்தான்.

வகுப்பை வரையறையில் தொடங்காதே, படிவத்தில் தொடங்கு. ரயிலேறும் முன் அவர்கள் நிரப்ப வேண்டியிருந்த சொத்து அறிக்கை 16 பக்கம். மேசை, நாற்காலி, படுக்கை விரிப்பு, சட்டை என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும்.

அன்புடன்,
ராமநாதன்