‘சொலனாய்ட்’ படிக்கும் மகளுக்கு

மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

ருமேனிய எழுத்தாளர் மிர்ச்சா கர்தரெஸ்குவின் ‘சொலனாய்ட்’ நாவலில் நூறு பக்கங்களைத் தாண்டியும் பிடி கிடைக்கவில்லை என்றும், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புனைவுகளுக்கு வழங்கப்படும் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலுள்ள 13 நூல்களில் இதுவும் ஒன்றாக இருப்பதற்கு, கடினமான நூல்கள்மீது நடுவர்களுக்கு இருக்கும் மோகமே காரணம் என்றும் எழுதியிருந்தாய். நீ புத்தகத்தைப் பாதியில் மூடிவிடுவாயோ என்ற கவலையில் உடனே பதில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு விசித்திரமும் எதைக் குறிக்கிறது என்று நீ தேடிக்கொண்டே போகிறாய். அதை நிறுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போ. ருமேனியத் தலைநகரான புக்கரெஸ்டின் ஓரத்தில் ஒரு பள்ளியில் ருமேனிய மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு, பிள்ளைகளிடமிருந்து தலையில் பேன் தொற்றியிருக்கிறது. சற்று நேரத்தில் அவருடைய தொப்புளிலிருந்து, பிறந்தபோது கொடியைக் கட்டிய நூலின் துணுக்குகள் வெளியே வருகின்றன. அவற்றைப் பத்திரமாக எடுத்துச் சிறு பெட்டியில் சேர்த்து வைக்கிறார். பேனையும் நூலையும் மிர்ச்சா கர்தரெஸ்கு ஒரே நிதானத்தோடும் ஒரே துல்லியத்தோடும் எழுதுகிறார். குரல் எங்குமே உயரவில்லை என்பதைக் கவனித்தாயா? நடக்கவே முடியாத ஒன்றை, பள்ளியில் ஆசிரியர்கள் உட்காரும் அறையின் சலிப்பை எழுதும் அதே கையால் எழுதுவதால்தான் நாம் அதை நம்பிவிடுகிறோம். 1980களில் அவரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சிக்கால நகரத்தின் இடிபாட்டையும் பற்றாக்குறையையும் உள்ளிருந்து அறிந்தவர்.

அந்தக் கவிதை வாசிப்பு இரவுக்கு நீ வந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். கதைசொல்லி, அதாவது அந்த ஆசிரியன், இளைஞனாக இருந்தபோது, தன் உயிரையெல்லாம் கொட்டி எழுதிய நெடுங்கவிதையை ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கிறான். அங்கே அதை விமர்சனத்தால் கிழித்துப் போடுகிறார்கள். அந்த ஒரே இரவில் அவன் எழுத்தாளன் ஆகாமல் போகிறான். அதே இரவில் பாராட்டுப் பெற்றுப் பெரிய எழுத்தாளனாகிவிட்ட இன்னொரு ‘தான்’ எங்கோ இருப்பதாக அவன் எண்ணிப் பார்க்கிறான். நாம் படிக்கும் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட இந்த நூல், வெளியிடும் எண்ணமே இல்லாமல் அந்தத் தோற்ற மனிதன் எழுதிவைக்கும் குறிப்பேடு. இந்தப் பகுதியை நான் உன்னை நினைக்காமல் படிக்கவில்லை. நீ எழுதுவதை விட்டுவிட்ட காலத்தில், உன் கதைகளை வாசித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்க மாட்டேன். ஆனால் இந்த மனிதன் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதை நீ படித்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன். அதனால்தான் புத்தகத்தை அனுப்பினேன்.

இனி வரப்போகும் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கப்பல் வடிவிலுள்ள அவன் வீட்டின் அடியில் சொலனாய்ட் எனப்படும் ஒரு மாபெரும் மின்காந்தச் சுருள் புதைந்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டிலுக்கு மேலே மிதக்கலாம். சாவை எதிர்த்து மறியல் செய்யும் ஒரு கூட்டம், முதுமையும் வலியும் ஒழிக என்று பதாகைகளோடு பிணவறைக்கு முன்னால் கூடுகிறது. ‘காப்பாற்று’ என்ற கூக்குரல் மட்டுமே நிறைந்த பக்கங்களும் வரும்; அவற்றைப் புரட்டித் தள்ளாமல் வரிவரியாகப் படித்துப் பார். மனிதப் பிறவியின் வலிக்கு ஒரு வாசல் இருந்தாக வேண்டும் என்ற ஒரே தவிப்பு இவை அத்தனைக்கும் அடியில் ஓடுகிறது. எரியும் வீட்டிலிருந்து ஒன்றை மட்டுமே மீட்க முடியுமென்றால் மகத்தான ஓவியத்தையா, ஒரு குழந்தையையா என்ற கேள்வியும் வரும். அவன் சொல்லும் பதில், இலக்கியத்தையே உயிராக எண்ணி வளர்ந்த ஒருவன் சொல்வது என்பதால் என்னை உலுக்கியது.

நடுவர்களைப் பற்றிய உன் கருத்தை நான் ஏற்கவில்லை. 2015இல் ருமேனிய மொழியில் வெளிவந்த இந்நூல், ஷான் காட்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சென்ற ஆண்டு டப்ளின் இலக்கிய விருதைப் பெற்றது; நூலகங்கள் பரிந்துரைக்கும் நூல்களிலிருந்து தேர்வாகும் விருது அது. சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. கட்டற்ற கற்பனையை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறவர் ஒரு வாக்கியத்தில் தடுமாறினாலும் வாசகன் அந்த உலகத்தை நம்ப மறுத்துவிடுவான். அத்தனை பக்கங்களுக்கு அந்த நம்பிக்கையைக் காத்து நிற்பது சிறிய உழைப்பா?

ஏப்ரல் 8 அன்று ஆறு நூல்களின் குறும்பட்டியல் வருகிறது. அதில் இது இடம்பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இடம்பெறாவிட்டாலும் நீ படித்து முடி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் உலகத்துக்குள் கதைசொல்லி நுழையும் இடம் வந்ததும் எனக்கு எழுது. இந்த நாவலின் உச்சம் அதுதான் என்பது என் கருத்து, நீ அதை ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று இப்போதே தோன்றுகிறது.

அன்புடன்,
அப்பா