டர்பன் நகரை விட்டுப் போன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, பழைய மெயில் முகவரி திருப்பி அனுப்புகிறது. யாழ்ப்பாணத்தில் யாராவது பார்த்து உங்களிடம் காட்டட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். லேபில் இருப்பவர்களும் கூகுளில் மொழிபெயர்த்துப் படிப்பார்கள். அதனால் சில பெயர்கள் வராது.

முதல் அத்தியாயம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் தொடங்குகிறது: தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரி, 2006, பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய், 53 பேரில் 52 பேர் சாவு. மூன்றாவது அத்தியாயம் முழுக்க நீங்கள் நோயாளிகளிடம் சேர்த்த பிளாஸ்மா டியூப்கள், ரத்தத்திலிருந்து பிரித்த நீர். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த டியூப் என்றாலே எனக்கு வெள்ளம் வந்த ராத்திரிதான்.

2022 ஏப்ரல் 11. லோட் ஷெட்டிங் என்றால் கரன்ட் எப்போது வரும் என்று அட்டவணையாவது இருக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. டிரை ஐஸ் வண்டி வர ரோடு இல்லை. மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். நீங்கள் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆட்டோகிளேவ் டேப்பைக் கிழித்து ஒட்டி, ‘திறந்தால் கொல்லுவன்’ என்று எழுதினீர்கள். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்ததே நாம் இரண்டு பேர்தான்! டார்ச் அடித்து நான் வாசிக்க, நீங்கள் குறித்துக்கொண்டே வந்தீர்கள். மைனஸ் 71. மைனஸ் 66. மைனஸ் 60. மைனஸ் 52-ல் கரன்ட் வந்ததும் அழுதீர்கள். 400 பேருக்கு மேல் செத்த வெள்ளத்தில் டியூபுக்கு அழுதோமே என்று அப்புறம் இருவருக்குமே வெட்கமாகிவிட்டது. சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் ஆன்ட்டி அந்த டேப்பைச் சாமி எழுத்து என்று நினைத்துக் குங்குமம் வைத்தாரே, அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்படிக் காவல் காத்தவர், அம்மாவுக்கு ஆபரேஷன், இரண்டே மாதத்தில் வந்துவிடுவேன் என்று போனீர்கள். ஸ்காலர்ஷிப் நின்றது, விசா புதுப்பிக்க முடியாமல் போனது, எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் எனக்கு ஒரு வரி போட்டிருக்கலாம் இல்லையா? எந்தப் பெட்டியில் எந்த டியூப் என்ற பட்டியல் பாதியில் நிற்கிறது. உங்கள் கோழிக்கிறுக்கலோடு ராத்திரி ராத்திரியாக மல்லுக்கட்டியது நான். வருவீர்கள் என்று உங்கள் மேசையை யாருக்கும் விடாமல் வைத்திருந்ததும் நான்தான்.

அந்த டியூப்களை வைத்து எழுதிய கட்டுரையில் என் பெயர் முதலில், உங்கள் பெயர் இரண்டாவது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதி, அழித்துவிட்டேன். கிளினிக் கிளினிக்காக அலைந்து சேர்த்தது நீங்கள். எலைசா பரிசோதனை ஓட்டியது, கணக்குப் போட்டது, திருத்தி எழுதியது நான். உங்களை நன்றியுரையில் சேர்த்தால் போதும் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. யார் சொன்னது, நான் என்ன பதில் சொன்னேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஆய்விதழுக்கு அனுப்ப உங்கள் சம்மத மெயில் வேண்டும், மாதக் கடைசிக்குள். அப்புறம், பெட்டி 14-ல் மூடியில் ‘வ’ என்று எழுதிய டியூப்கள் எத்தனையாவது தடவை எடுத்தவை? தெரியாததால் கணக்கில் சேர்க்கவில்லை. சிகிச்சைக்கு முன்னால் எடுத்தவை என்றால் இரண்டாவது படமே மாறிவிடும். திட்டுவதென்றால் அதைச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.